எம்2 வாங்குவதா, கேமன் வாங்குவதா? ஆம்பூர்த் தம்பிக்கு ஒரு பதில்

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: “வீட்டில் இன்னோவா இருக்கிறது. ஞாயிறு காலையில் ஏலகிரி, மாதம் ஒருமுறை இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம், எப்போதாவது சென்னை. இதற்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் பார்க்கிறேன். புதிய பி.எம்.டபிள்யூ எம்2 எடுப்பதா, அல்லது சென்னையில் ஒருவர் 90 லட்சத்துக்குத் தருகிறேன் என்று சொல்லும் 2022 போர்ஷே 718 கேமனை எடுப்பதா? தமிழ்நாட்டுப் பதிவுதான். நண்பர்கள் பி.எம்.டபிள்யூ இசட்4, பழைய ஃபோர்டு மஸ்டாங் என்றும் குழப்புகிறார்கள். எண்களைப் பார்த்தால் எம்2 எல்லாவற்றிலும் முந்துகிறது. பிறகு ஏன் கேமனுக்கு இவ்வளவு பேச்சு?”

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் படித்துவிட்டு நீங்கள் மறுத்தாலும் வருத்தமில்லை. நீங்கள் சொல்லும் உபயோகத்துக்கு அந்தக் கேமன்தான் சரி, வண்டியும் ஆவணங்களும் சோதனையில் தேறினால். வீட்டில் இன்னோவா இல்லை, பிள்ளைகளைப் பின் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு போவதற்கும் இதே கார்தான் என்றிருந்தால், யோசிக்காமல் எம்2 என்றிருப்பேன். கேமனில் இருக்கையே இரண்டுதான். நான் வாகனச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வேலூர் சத்துவாச்சாரியில் இருப்பவன். விற்பனையாளர் மேசையில் கிடக்கும் வண்ணத்தாளை நம்பாமல் இருப்பது எனக்குத் தொழிலோடு வந்த பழக்கம்.

எண்களை ஒருமுறை பார்த்துவிடுவோம். எம்2 காரில் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) எஞ்சின். 2023 மே மாதம் 98 லட்சம் ஷோரூம் விலையில் இங்கே அறிமுகமானபோது 460 குதிரைத்திறன். 2024 கடைசியில் வந்த மேம்பட்ட மாடலில் 480. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு 600 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் தொட 4 விநாடி. கேமனில் இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், ஒற்றை டர்போ. 300 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர். தானே கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் பி.டி.கே. கியர்பாக்ஸ் என்றால் 4.9 விநாடி, ஸ்போர்ட் க்ரோனோ என்ற கூடுதல் தொகுப்பைப் பொருத்தியிருந்தால் 4.7. எடை, எம்2 சுமார் 1,700 கிலோ. கேமன் சுமார் 1,350. ஒரு டன்னுக்கு இத்தனை குதிரைத்திறன் என்று வகுத்தால் எம்2 280, கேமன் 220. நேர்கோட்டில் எம்2 முந்தும் என்பதில் வாதத்துக்கே இடமில்லை.

அந்த முக்கால் விநாடியை எங்கே செலவழிக்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. பள்ளிகொண்டா டோல்கேட்டில் தடுப்புக் கம்பி உயர்ந்ததும் மிதித்தால் உங்கள் முன்னால் சாலை வெறுமையாகத்தான் இருக்கும். கொஞ்ச தூரத்தில் வலது தடத்தை விட்டு நகராமல் 50 கி.மீ. வேகத்தில் போகும் லாரி ஒன்று காத்திருக்கும். அதன் பின்னால் எம்2, கேமன், உங்கள் இன்னோவா மூன்றும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான். இன்னொன்று, அமெரிக்கப் பத்திரிகைகள் தரும் விநாடிக் கணக்கைக் கம்பெனிக் கணக்கோடு சேர்த்து வைத்து ஒப்பிடாதீர்கள். அங்கே வண்டி முதல் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தை ஓட விடுவார்கள். அதில் மட்டும் கால் விநாடி வரை குறைந்துவிடும். ஒரே கார் இரண்டு இடத்தில் இரண்டு நேரம் காட்டுவதற்கு ஓட்டுநர் திறமையை மட்டும் காரணம் சொல்வது தவறு.

நெடுஞ்சாலையில் உண்மையில் உதவுவது 80-லிருந்து 120-க்கு எழும் வேகம். பஸ்ஸைத் தாண்டும்போது வேண்டியது அது. அதிலும் எம்2 மேல்தான். ஆனால் கேமனும் நிமிடத்துக்கு 2,150 சுற்றிலிருந்தே தன் முழு டார்க்கையும் தந்துவிடுகிறது. 1,350 கிலோவுக்கு 380 நியூட்டன் மீட்டர் என்பது குறைச்சல் இல்லை. சாதாரணக் காரிலிருந்து வருபவருக்கு இரண்டும் பயமுறுத்தும் அளவுக்கு வேகம்.

வேலூர் வெயிலை ஜெர்மன் எண்கள் கணக்கில் எடுப்பதில்லை. 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஐந்து சதவீதம் குறைகிறது. டர்போ அந்தக் குறையை அழுத்தம் கூட்டிச் சமாளித்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. அழுத்திய காற்று சூடாகும்; சூடான காற்றோடு பெட்ரோல் தன்னிஷ்டத்துக்கு வெடிக்கப் பார்க்கும்; எஞ்சின் கணினி அதை உணர்ந்து தீப்பொறி நேரத்தைத் தள்ளிப் போடும். சக்தி குறையும். இரண்டு கார்களிலுமே டர்போ காற்றைக் குளிர்விப்பது தண்ணீர் வழி இன்டர்கூலர். நீர் ஒருமுறை சூடேறிவிட்டால் எளிதில் ஆறாது. அக்னி நட்சத்திர நாளின் பிற்பகலில் தடத்தில் தொடர்ந்து சுற்றினால், காகிதத்தில் கண்ட குதிரைகளில் சில லாயத்துக்குத் திரும்பிவிடும். 480 குதிரைக்கும் அப்படி, 300 குதிரைக்கும் அப்படி. பெட்ரோலும் இதில் சேர்த்தி. எம்2 எஞ்சினுக்கு 98 ஆக்டேன் (பெட்ரோல் தன்னிஷ்டத்துக்கு வெடிக்காமல் தாங்கும் அளவு) பரிந்துரை. 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. ஆனால் அது எல்லா பங்க்கிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும்.

எடைக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நான் சொல்ல வேண்டியதில் பாதி இதுதான்.

ஏலகிரி அடிவாரத்திலிருந்து மேலே ஏறுவது ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். கவிஞர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது அந்த உயரத்தின் ஆற்றல் முழுவதும் எங்கேயாவது வெப்பமாகத்தான் போயாக வேண்டும். கணக்குப் போட்டால், 100 கி.மீ. வேகத்திலிருந்து காரை முழுதாக நிறுத்துவதைப் பதினேழு பதினெட்டு முறை செய்வதற்குச் சமம். தாழ்ந்த கியரில் எஞ்சினைக் கொண்டு கட்டுப்படுத்தினால் அதில் ஒரு பங்கு குறையும்; மிச்சம் பிரேக்குக்கு. எம்2 சுமப்பது கேமனைவிடக் கால் பங்கு அதிக எடை என்பதால் வெப்பமும் கால் பங்கு அதிகம். அதற்கேற்ற பெரிய பிரேக்குகளைத்தான் பி.எம்.டபிள்யூ கொடுத்திருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. 380 மி.மீ. முன் டிஸ்க் என்பது சில சிறிய கார்களின் சக்கரத்தைவிடப் பெரியது. ஆனால் பெரிய டிஸ்க், பெரிய டயர், பெரிய கூலர் எல்லாமே எடையைச் சமாளிக்க வந்த மேலும் எடை. அதற்கெல்லாம் பில் கட்டப் போவது நீங்கள்.

ஏலகிரியில் அகலமும் பேசும். எம்2 1,887 மி.மீ., கேமன் 1,801. ஒன்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். வளைவில் எதிரே அரசுப் பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு திரும்பும் நேரத்தில், இடது பக்கக் கைப்பிடிச் சுவருக்கும் உங்கள் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது அந்த ஒன்பது சென்டிமீட்டர்தான். ஊசி வளைவில் வேகம் 20 கி.மீ. கூட இருக்காது. அந்த இடத்தில் மகிழ்ச்சி தருவது குதிரைத்திறன் அல்ல. ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் மூக்கு திரும்புகிறதா என்பது. கேமனில் எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் படுத்திருக்கிறது. கனமான பகுதி நடுவில் இருப்பதால் கார் திரும்பச் சோம்புவதில்லை. சிலிண்டர்கள் கிடையாகப் படுத்திருப்பதால் புவியீர்ப்பு மையமும் தாழ்வு. இந்த உணர்வை எந்த விநாடிக் கணக்கும் காட்டாது. கேமனைப் பற்றிய பேச்செல்லாம் இதைப் பற்றித்தான்.

நான்கு சிலிண்டர் சத்தம் மட்டும் எனக்கும் பிடிக்காது. 2016-ல் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு இதை வைத்தபோது உலகம் முழுக்கப் புலம்பினார்கள், புலம்பியது நியாயம். அதிகாலையில் ஸ்டார்ட் செய்தால் பழைய நெல் அரைக்கும் மில் நினைவுக்கு வரும். எம்2 ஆறு சிலிண்டரின் குரல் அதற்கு எத்தனையோ மேல்.

இருங்காட்டுக்கோட்டையில் முழுத் தடம் சுமார் 3.7 கி.மீ. நீளம். அங்கே எம்2 உங்கள் சுற்று நேரத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் நீங்கள் ஆம்பூரிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. ஓட்டிப் போய், சுற்றிவிட்டு, அதே டயரில் வீடு திரும்பப் போகிறவர். எம்2 பின்சக்கரத்துக்கு 285/30, 20 அங்குலம். அந்த அளவை நம் ஊர் டயர் கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்துத் தர மாட்டார். கனமான கார் ஒவ்வொரு திருப்பத்திலும் முன் டயரின் வெளித் தோளைத் தேய்த்துக்கொண்டே போகும். இலகுவான கார் பிரேக் பேடையும் டயரையும் நிதானமாகச் சாப்பிடும். மாதம் ஒருமுறை தடத்துக்குப் போகிற ஆளுக்கு ஆண்டுக் கடைசியில் இது தனி பட்ஜெட். புதிதாகத் தடத்தில் பழகுகிறவர் 480 குதிரையை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய தப்பு நேர்கோட்டின் கோடியில் மிகப் பெரியதாக முடியும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 300 குதிரையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

டயரின் அளவை வைத்தே இன்னொரு கணக்கு. எம்2 பின் டயரின் பக்கச் சுவர் உயரம், அதன் அகலமான 285 மி.மீ.-ல் 30 சதவீதம், அதாவது எட்டரை சென்டிமீட்டர். 18 அங்குலச் சக்கரம் போட்ட கேமனின் பின் டயர் 265/45. கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். மழைக்குப் பிறகு வாணியம்பாடிப் பக்கம் தார் பெயர்ந்த குழியில் இறங்கும்போது அலாய் சக்கரத்தைக் காப்பாற்றுவது அந்தக் கூடுதல் மூன்றரை சென்டிமீட்டர் ரப்பர்தான். அந்தச் சென்னைக்காரர் அழகுக்காக 20 அங்குலச் சக்கரம் மாட்டியிருந்தால் இந்த நன்மை போய்விடும். போய்ப் பார்க்கும்போது முதலில் இதைக் கவனியுங்கள். வேகத்தடையிலும் கேமனுக்கே அனுகூலம். முன் பின் சக்கரங்களுக்கு இடைத்தூரம் எம்2-வில் 2,747 மி.மீ., கேமனில் 2,475. இடைத்தூரம் குறைந்த காரின் நடுவயிறு மேட்டில் அவ்வளவு எளிதில் உரசாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் சாலைப் பொறியாளர் அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது எந்த விதிப்படி என்று போட்டவருக்கே வெளிச்சம். எந்தக் காராக இருந்தாலும் குறுக்காக, ஒரு சக்கரம் முன்னே ஏறும்படி ஏற்றுங்கள்.

இனி பணம். இந்த நாட்டில் ஸ்போர்ட்ஸ் காரின் விலை என்பது பெரும்பாலும் வரியின் விலை. எம்2 மெக்சிகோவின் சான் லூயிஸ் பொடோசியிலிருந்து முழு வண்டியாக இறங்குகிறது. 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு இறக்குமதித் தீர்வை எல்லாம் சேர்த்து 110 சதவீதம். அதன் மேல் ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். துறைமுகத்தில் 40 லட்சம் மதிப்புள்ள ஒரு கார் தீர்வைக்குப் பின் 84 லட்சம், ஜி.எஸ்.டி.க்குப் பின் 117 லட்சத்துக்கு மேல். இதற்குப் பிறகுதான் நம் மாநிலத்தின் ஆயுள் வரி, ஒரே தடவையில் கட்டும் சாலை வரி. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். ஒரு கோடியை ஒட்டிய எம்2 காருக்குச் சாலை வரி மட்டும் ஏறத்தாழ 20 லட்சம். அந்தப் பணத்துக்கு இன்னொரு நல்ல குடும்பக் காரே வந்துவிடும்.

இந்த 20 லட்சம் நீங்கள் விற்கும்போது திரும்பி வராது. காப்பீட்டுக் கம்பெனிகளின் தேய்மான அட்டவணை மூன்றாவது ஆண்டில் காரின் மதிப்பில் 30 சதவீதத்தைக் கழிக்கச் சொல்கிறது. சந்தை விலை அதற்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருக்கலாம். அட்டவணைப்படியே வைத்தாலும் 30 லட்சம் தேய்மானம், 20 லட்சம் வரி, ஆக மூன்று ஆண்டில் 50 லட்சம். மாதத்துக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய், கார் ஷெட்டில் சும்மா நின்றாலும். காப்பீடும் சர்வீஸும் இதில் சேராது.

அந்தக் கேமனுக்கு இறக்குமதித் தீர்வை, ஜி.எஸ்.டி., தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாவற்றையும் முதல் உரிமையாளர் கட்டிவிட்டார். செங்குத்தாக விழும் முதல் சில ஆண்டுத் தேய்மானத்தையும் அவரே தாங்கிவிட்டார். உங்களுக்கு மிச்சம் இருப்பது சாய்வு குறைந்த பகுதி. போதாததற்கு 718 தயாரிப்பு 2025 அக்டோபரில் நின்றுவிட்டது. நன்றாகப் பராமரித்த ஒன்று இனி சரிகிற வேகம் குறையும் என்பது என் கணிப்பு. வெறும் கணிப்புதான், இதை நம்பி முதலீடு என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். வாரண்டியோடு புதுக் கார் தரும் நிம்மதி எம்2 பக்கம் இருக்கிறது. போர்ஷே உதிரி பாகம் ஒன்று ஒடிந்தால் வரும் பில், சேமித்த பணத்தில் ஒரு கடியாவது கடிக்கும். இரண்டுக்குமே போக வேண்டிய கம்பெனிப் பட்டறை சென்னையிலோ பெங்களூருவிலோதான்.

நண்பர்கள் சொன்ன மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இசட்4 எம்40ஐ நல்ல கார். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், டொயோட்டா சுப்ராவோடு ஒரே கூரையின் கீழ் கட்டப்பட்டது. 340 குதிரைத்திறன், 4.5 விநாடி; 2023-ல் ஷோரூம் விலை 89.30 லட்சம். எடைக்கு ஏற்ற சக்தியில் கேமனுக்குச் சமம். ஆனால் அது உல்லாசமாக ஓட்டும் திறந்த கார், தடத்தில் வருத்தும் கார் அல்ல. மேலும் வேலூரில் கூரையைத் திறந்து ஓட்ட வாய்ப்பது மார்கழி, தை மாதக் காலைகள்தான். ராணிப்பேட்டையைத் தாண்டும்போது வரும் வாசம் உங்களுக்குப் பழக்கம், தோல் தொழிலில் இருப்பவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மஸ்டாங் ஜி.டி. 2016-ல் 65 லட்சத்துக்கு வந்தது. ஐந்து லிட்டர் வி8 குரலுக்கு ஈடு இந்தப் பட்டியலில் வேறு எதுவும் இல்லை. குரலோடு சரி. அந்தத் தலைமுறை 2017-ல் ஐரோப்பிய விபத்துச் சோதனையில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் வாங்கியது. 2021-ல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்ட கம்பெனியின் இறக்குமதிக் காருக்குக் கதவோ விளக்கோ உடைந்தால் காத்திருக்க மனம் வேண்டும். இலகுவும் இல்லை. விட்டுவிடுங்கள்.

கேமனைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். முன் பம்பரின் இரு ஓரங்களிலும் காற்று வாய்கள் இருக்கும். அவற்றுக்குள் ரேடியேட்டரும், அதற்கு முன்னால் ஏ.சி. கண்டென்சரும் நிற்கின்றன. புளிய மரம், புங்க மரத்தின் கீழ் நிற்கும் காரில் சருகும் சேறும் அங்கே போய் அடைந்துவிடும். ஈரம் தங்கி அலுமினியத் தகடு அரிக்கும், பிறகு ஒழுகும். உள்ளே விரல் நுழைத்தால் சருகு சுருள் சுருளாக வந்தால், உரிமையாளர் மேலே மட்டும் கழுவுகிறவர் என்று பொருள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் பாருங்கள். 2321 என்றிருந்தால் 2021-ன் இருபத்து மூன்றாவது வாரம் செய்தது. போர்ஷே ஒப்புக்கொண்ட டயர் என்றால் ஆங்கில N எழுத்தும் கூட ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். நான்கிலும் அது ஒன்றுபோல இல்லாவிட்டால் எங்கேயோ சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுங்கள். விளிம்பு கூர்மையாகத் தட்டினால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது, விலையில் கழியுங்கள்.

கையால் கியர் மாற்றும் வண்டி என்றால் ஒன்று மிக முக்கியம். தடத்தில் ஐந்திலிருந்து நான்குக்குப் பதில் இரண்டில் தள்ளிவிட்டால் எஞ்சின் அளவு மீறிச் சுழலும். போர்ஷேயின் எஞ்சின் கணினி அப்படி மீறிய சுழற்சிகளை ஆறு நிலைகளாகப் பிரித்து, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பதோடு பதிந்து வைத்திருக்கும். கம்பெனிப் பட்டறையில் அதை எடுத்துத் தருவார்கள். மேல் நிலைகளில் பதிவு இருந்தால் அந்த வண்டி வேண்டாம். பி.டி.கே. என்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை, கியர்பாக்ஸே அந்தத் தப்பை அனுமதிக்காது. கம்பெனியின் சான்றளித்த பழைய கார் திட்டத்தில் 111 அம்சச் சோதனை ஒன்று உண்டு. அந்த வண்டிக்கு அதைச் செய்து நீட்டிப்பு வாரண்டி கொடுப்பார்களா என்று கேளுங்கள். சோதனைச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் அவர் தயங்கினால் அடுத்த வண்டியைத் தேடலாம்.

அப்படித் தேடும்போது பெங்களூரு அல்லது புதுச்சேரிப் பதிவு வண்டி ஐந்தாறு லட்சம் மலிவாகக் கண்ணில் படும். வேறு மாநிலப் பதிவை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். தடையில்லாச் சான்றிதழ் வாங்கி வந்த பிறகு இங்கே எவ்வளவு வரி விதிப்பார்கள் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரின் விலைச்சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு விலை பேச உட்காருங்கள்.